வண்டிக் கூரையில் உன் இரண்டு தோணிகள்

என் அன்பு ரெஜினா அக்காவுக்கு,

சேவியர் எழுதுகிறேன். நீ கேரளத்தில் நர்ஸாக இருந்த காலத்தில் ‘நன்றாக இருக்கிறாயா?’ என்று கேட்டுத்தான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவேன். அந்தப் பழக்கத்தில் இன்றும் அதையே எழுதிவிட்டேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட மனம் வரவில்லை. இருக்கட்டும். நன்றாக இருக்கிறாயா?

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. பாதர் உன் பெயரை வாசித்தபோது, உனக்குத் தாலி கட்டிய மாமா சட்டென்று தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டோம். உப்பு குறைச்சல் என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நாக்குக்கு உப்பும் தெரிவதில்லை, கண்ணில் தண்ணீரும் வருவதில்லை.

சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள், இவன் அழுதானா இல்லையா என்று. அழவில்லை அக்கா. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது உள்ளே. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது. வலி மட்டும் இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. உன் வண்டியை விற்றுவிடலாம் என்று மாமா முடிவு செய்துவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. முழுக்கக் கேள்.

அந்த வண்டி வந்த நாளிலிருந்தே அது மாமாவுக்கு ஆகவில்லை என்று உனக்குத் தெரியும். மயிலம் பக்கத்து காலேஜ் ஒன்று கழித்துவிட்ட மினி பஸ்ஸை வாங்கி வந்து, சீட்டையெல்லாம் பிடுங்கி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, பின்னால் ஒரு குட்டி பாத்ரூமும் கட்டினாய். நீ அதை மோட்டார் வீடு என்றாய். ஊர்க்காரர்கள் கேரவன் என்றார்கள். மாமா மட்டும் கப்பல் என்றார், அதுவும் உன் காதில் விழுகிற மாதிரி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தினால் போதும், உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் முகம் தொங்கிப்போவதைப் பார்த்து நீ ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரிப்பாய்.

கப்பல் என்று மாமா சொன்னது மேலே இருந்த தோணிகளால். பாண்டிச்சேரிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து நீ பிடித்து வந்த இரண்டு ஃபைபர் தோணிகள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். காயல் ஓரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது துடுப்புப் போடக் கற்றுக்கொண்டவள், ஊருக்குத் திரும்பிய பிறகும் அதை விடவில்லை.

“ஏம்மா, தண்ணியே இல்லாத ஊருல போட்டத் தூக்கிக்கினு எங்க போறீங்க?” என்று டீக்கடையில் கேட்பார்கள்.

“தண்ணி எங்க கீதோ அங்க போறோம். நீங்க டீயப் போடுங்க,” என்பாய்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் ஏரி, இல்லாவிட்டால் மரக்காணம் பக்கத்து உப்பங்கழி. நீ சிவப்பில், நான் மஞ்சளில். கரையில் வாய் ஓயாமல் பேசுகிறவள், தண்ணீரில் இறங்கினால் ஒரு வார்த்தை பேசமாட்டாய். ஏன் என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

தோணி கட்டுவதில் நீ பண்ணிய கெடுபிடி கொஞ்சநஞ்சமா? பழைய மெத்தையைக் கிழித்துக் கூரைக் கம்பியில் சுற்றி, தோணிகளைக் கவிழ்த்து வைத்து, லாரிக்காரர்கள் சுமை கட்டுகிற பெல்ட்டைக் குறுக்கே போட வேண்டும். நான் வண்டிக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. நான் பெல்ட்டைத் தோணிகளுக்கு மேலே வீசுவேன். நீ பிடித்ததும் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாய். அதற்குப் பிறகுதான் நான் இறுக்க வேண்டும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கியும் விட வேண்டும். தட்டையாக விட்டால் ஓடும்போது காற்றில் உறுமும். முறுக்க மறந்த நாளில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே போனோம். “உம் மூஞ்சி மாதிரியே கீதுடா சத்தம்,” என்றாய்.

இன்னொன்றும் உண்டு. தோணி ஏறிவிட்டால் வண்டியின் உயரம் வேறு. மரக்கிளை, கரண்ட் கம்பி, கடை வாசலில் இழுத்துக் கட்டிய ஷாமியானா, ரயில் பாதைக்குக் கீழே போகிற சப்வே, எது வந்தாலும் நீ வண்டியை நிறுத்திவிடுவாய். “சேவியரு, எறங்கிப் பாருடா. மேல இடிக்குமா?” நான் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்று, மேலே பார்த்து, “போகும்க்கா!” என்று கத்திவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட வேண்டும். நீ பொடிநடையாக வண்டியை நகர்த்தி வருவாய். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் அசரமாட்டாய். விழுப்புரத்து சப்வேயில் நம்மால் போக்குவரத்து நின்ற நாட்கள் உண்டு. எனக்கு வெட்கமாக இருக்கும். உனக்கு அது கிடையாது.

நீ நினைத்தது குடும்பம் குடும்பமாக ஏரிக்கும் கழிக்கும் கூட்டிப்போகலாம் என்று. வந்த சவாரியெல்லாம் மேல்மலையனூர் அமாவாசைக்கு. ராத்திரி தங்க இடம் வேண்டும், பொம்பளைகளுக்கு பாத்ரூம் வேண்டும், அதற்கு நம் வண்டியை விட்டால் வேறு எது? தோணிகளை இறக்கி ஏற்றச் சோம்பல்பட்டு அப்படியே மேலே வைத்துக்கொண்டு போவோம். அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் வண்டி நின்றால், முதலில் குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. அப்புறம் யாரோ ஒரு அம்மா நம் ஏணியில் ஏறிச் சிவப்புத் தோணியின் மூக்கில் குங்குமம் வைத்தாள். அடுத்த அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு பூசைக்கு வண்டியை நம் கோயில் வாசலில் நிறுத்தியபோது பாதர் அந்தக் குங்குமத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

“பக்தியா வெச்சிக்கீறாங்க பாதர். தொடைக்க மனசு வர்ல,” என்றாய்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் குங்குமம் இன்னும் இருக்கிறது.

கடைசி நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மரக்காணத்திலிருந்து கிளம்பி, விழுப்புரத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்து அமாவாசைச் சவாரி பேசி முடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம் கட்டினாய். ஹாண்ட் பிரேக் போட்டாய். “தல ரொம்ப வலிக்குது. நீ எடுடா,” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் கட்டிலில் படுத்தாய். உன் பேச்சு குழறியது. தலைவலி என்று ஒரு நாளும் ஸ்டியரிங்கை விட்டவள் இல்லை நீ. நான் நேரே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

உள்ளே நுழைகிற இடத்தில் மேலே ஒரு கூரை நீண்டிருந்தது. நான் நிறுத்தவே இல்லை, பிரேக்கில் கால் வைத்தேன், அவ்வளவுதான். படுத்திருந்த நீ கேட்டாய், “மேல இடிக்குமா, பாருடா.”

இறங்கிப் பார்த்தேன். ஒரு சாண் இடம் இருந்தது. “போகும்க்கா!” என்று கத்தினேன். ஏறி வண்டியை உள்ளே விட்டேன். அதற்குள் நீ கண்ணை மூடியிருந்தாய். அப்புறம் நீ பேசவில்லை. டாக்டர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, எந்த ஆஸ்பத்திரியானாலும் இதுதான் என்று பொறுமையாகச் சொன்னார்கள். சில நாள் மெஷினில் இருந்தாய். அவ்வளவுதான்.

நான் கேட்க வேண்டியது இதுதான். போகும் என்று நான் சொன்னது உன் காதில் விழுந்ததா? விழவில்லை என்றால், இடிக்குமோ இடிக்குமோ என்ற கவலையோடேயே போய்விட்டாயா?

யாரிடம் இதைக் கேட்பது? மாமாவிடம் கேட்க முடியாது. அவர் பேசுவதே குறைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறக்கிறார், வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது, ஜன்னலைச் சாத்திவிடுகிறார். பூசை முடிந்த மறுவாரம் சொன்னார்.

“வித்துடலாம்டா சேவியரு. பாக்கறப்பல்லாம் அவ உள்ள ஒக்காந்துக்கினு கீறாப்புல கீது. பேஜாரா கீதுடா.”

“சரி மாமா,” என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு அப்போது விற்றாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

விழுப்புரத்தில் டிபன் கடை வைத்திருக்கிற ஒருவர் கேட்டார். பைபாஸில் நிறுத்தி இட்லி, தோசை போட வண்டி வேண்டுமாம். தோணி வேண்டாம் என்றுவிட்டார். மாமாவும் நானும் தோணிகளை இறக்கி வாசலில் கவிழ்த்துப் போட்டோம். மஞ்சள் தோணிக்கு அடியில் மறுநாளே ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. சிவப்பு என்ன ஆயிற்று தெரியுமா? காய வைத்த மல்லாட்டையைத் திடீர் மழை பிடித்துக்கொண்டது. மாமா தார்ப்பாயைத் தேடாமல் சிவப்புத் தோணியை இழுத்துக் குவியல்மேல் கவிழ்த்துவிட்டார். ஒரு கடலைகூட நனையவில்லை. “கப்பலு எதுக்காச்சும் ஆவுதே,” என்றார். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் வம்பு பண்ணியிருப்பாய்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலையம்மா போன் பண்ணினார், அமாவாசை தவறாமல் நம் வண்டியில் வருகிற ஒலக்கூர் பக்கத்து அம்மா. உன் நம்பருக்குத்தான் அடித்தார். உன் போன் என்னிடம் இருக்கிறது.

“ரெஜினாம்மா கீறாங்களா?”

“இல்லம்மா. தவறிட்டாங்க.”

அவர் பக்கத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “ஒரு வார்த்த சொல்லலியேப்பா யாரும்,” என்று அழுதார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரார் அழுகிறார்கள், நான் நிற்கிறேன்.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார், “அந்தச் செவப்புப் போட்டு கீதா? போர் போட்டப்ப தண்ணி வரணும்னு அதுலதான் பழம் கட்னேன். இப்ப ஓடுது பாரு, கேக்குதா? ஆத்தாளுக்குப் பொங்க வெக்கணும். நாங்க அந்த வண்டிலதான் வருவோம். போட்டு மேல இருக்கணும்.”

“வண்டிய விக்கிறோம்மா,” என்றேன். மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் போனை வைத்தேன்.

நேற்று வண்டியை ஒப்படைக்க நாள் குறித்திருந்தது. மாமா வரவில்லை. உன் ஜெபமாலையைக் கண்ணாடியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். மேலே தோணி இல்லாததால் வண்டி லேசாக, சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. முண்டியம்பாக்கத்தைத் தாண்டும்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. டீ குடிக்கலாமா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

விழுப்புரத்து சப்வே வந்தது. நான் நிறுத்தினேன். ஹாண்ட் பிரேக் போட்டேன். இறங்கினேன். வண்டிக்கு முன்னால் போய் நின்று மேலே பார்த்தேன். நிறைய இடம் இருந்தது. “போகும்க்கா!” என்று கத்தினேன். கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். வா, வா, வா.

வண்டி வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒரு டவுன் பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார்.

“யோவ், யாரக் கூப்புட்டுக்கினு நிக்கிற? உள்ள ஆளே இல்லியே!”

நான் டிரைவர் சீட்டைப் பார்த்தேன்.

“அக்காதான் ஓட்டும்,” என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ. என் கையில் சுற்றியிருந்த ஜெபமாலையைப் பார்த்தார். திரும்பி, ஹாரன் அடித்த ஆட்டோக்காரரிடம், “இருய்யா, ஒரு நிமிசத்துல உன் குடியா முழுவிடப்போவுது?” என்று கத்தினார். அப்புறம் என் தோளைத் தொட்டு, “ஏறு தம்பி. நா முன்னாடி நின்னு காட்றேன், நீ மெதுவா வா,” என்றார். மேலே ஒன்றுமே இல்லாத வண்டிக்கு முன்னால் அவர் நின்றுகொண்டு, கூரையைப் பார்த்து, கையை ஆட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். நான் அவர் கையைப் பார்த்தே ஓட்டினேன். நீ என் கையைப் பார்த்து ஓட்டின மாதிரி.

சப்வேயைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் அக்கா, நீ இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. உன்னைப் பெட்டியில் வைத்தபோது தெரியவில்லை. மண் போட்டபோது தெரியவில்லை.

டிபன் கடைக்காரர் போன் பண்ணினார். “எங்கண்ணா கீறீங்க? வண்டி எதுனா பஞ்சரா?”

“இல்ல தம்பி. வண்டி குடுக்கல. மன்னிச்சிக்கோங்க,” என்றேன். அவர் நல்ல மனிதர், திட்டவில்லை.

திரும்பி வந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார்.

“என்னாடா, அவன் வேணான்னுட்டானா?”

“இல்ல மாமா. நான்தான் குடுக்கல.”

சப்வேயில் நடந்ததைச் சொன்னேன். காலியான சீட்டைப் பார்த்துக் கையாட்டியதைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். வாசல் படியில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மல்லாட்டைக் குவியல்மேல் கிடந்த சிவப்புத் தோணியின் ஒரு முனையைத் தூக்கினார்.

“அந்தாண்ட புடிடா,” என்றார்.

கோழியை விரட்டிவிட்டு மஞ்சளையும் ஏற்றினோம். முட்டைகளைக் கூடைக்கு மாற்றினேன், கவலைப்படாதே. பெல்ட்டை எடுத்துக்கொண்டு நான் என் பக்கம் வந்து நின்றேன். மாமா உன் பக்கம் போனார். வீசினேன். அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. நான் இறுக்காமல் நின்றேன்.

“புடிச்சிட்டேன்டா. இப்ப என்னா பண்ணணும்?”

“ரெண்டு தட்டு தட்டணும் மாமா.”

“எதுக்கு?”

“தெரியல. அக்கா தட்டும்.”

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. அப்புறம் இரண்டாவது தட்டு. நான் பெல்ட்டை இறுக்கினேன். ஒரு முறுக்கு முறுக்கித்தான் இறுக்கினேன். அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் அழவில்லை.

அமாவாசைக்கு வருகிறோம் என்று அஞ்சலையம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவும் வருகிறாராம். கப்பலில் ஏறமாட்டேன் என்று இத்தனை காலம் வீம்பு பிடித்தவர், எந்தப் பக்கம் உட்காரணும் என்று கேட்கிறார்.

அதற்கு முன்னால் கல்லறைத் திருநாள் வருகிறது. சாமந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு உன் வண்டியிலேயே உன்னிடம் வருகிறோம், தோணிகள் மேலே இருக்க. கல்லறைத் தோட்டத்து வாசலில் அந்த சிமெண்ட் வளைவு கொஞ்சம் தாழ்வு, உனக்கே தெரியும். மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் வளைவுக்கு முன்னால் நானே நிறுத்துவேன், நானே இறங்குவேன், நானே மேலே பார்ப்பேன். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் வெட்கப்பட மாட்டேன். இந்தத் தடவை உனக்குக் கேட்கிற மாதிரி, நீ படுத்திருக்கிற இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி, கத்திச் சொல்வேன். இது சத்தியம்.

போகும்க்கா.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் வண்டிக்கு முன்னால் நிற்கிற தம்பி,
சேவியர்